பள்ளம் முதலில், ஈயம் பிறகு

நெல்ஸ் ஹாகனுக்குத் தொலைபேசியில் பேசத் தெரியாது. துப்பாக்கிக் குழலில் பள்ளம் வெட்டித் தரச் சொல்லிப் பட்டறைக்கு யார் கூப்பிட்டாலும் அவன் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "உள்ளே ஈயம் ஓட்டியாச்சா?" ஆமாம் என்று பதில் வந்தால், "அப்போ அதை அப்படியே வெச்சுச் சுடுங்க, நல்லா இருப்பீங்க" என்று சொல்லி வைத்துவிடுவான். நலமா என்று ஒரு விசாரிப்பு கிடையாது, போய் வாருங்கள் என்று ஒரு மரியாதை கிடையாது. இதனாலேயே எங்கள் முதலாளி ராய்ஸ் ஃபோனைத் தூக்கி என் மேஜைக்குக் கொண்டுவந்தார்.

நான் கோரா. நெல்ஸின் மனைவி வெர்னா என் தங்கை. பட்டறையில் அவன் மெஷினுக்கு அடுத்த மேஜை என்னுடையது. அவன் முடித்தால்தான் எனக்கு வேலை. ஆக வீட்டு வழியிலும் பட்டறை வழியிலும் அவனிடம் மாட்டிக்கொண்டவள் நான். அவனைப் பற்றி நல்லதாகச் சொல்லவும் திட்டவும் எனக்கு உரிமை உண்டு, இரண்டையும் செய்யப் போகிறேன்.

பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் துப்பாக்கிக் குழல் செய்கிற பட்டறைகள் சில இருக்கின்றன. எங்களுடையது சின்னது. எஃகுத் தண்டில் நீளத்துக்குத் துளை போட்டு, அந்தத் துளைக்குள் கெட்டியான குமிழ் ஒன்றை அழுத்தித் தள்ளினால், தோட்டாவைச் சுழல வைக்கிற வரிகள் உட்சுவரில் பதியும். அது ராய்ஸின் வேலை. அப்படி அழுத்தப்பட்ட எஃகு சும்மா இருக்காது, உள்ளுக்குள் முறுக்கிக்கொண்டு நிற்கும். உலையில் வைத்து ஆற்றுவோம். ஆற்றினாலும் கொஞ்சம் முறுக்கு மிச்சம் இருக்கத்தான் செய்யும்.

பிறகு குழல் நெல்ஸிடம் வரும். அவன் வெளிப்பக்கத்தில் நீளவாக்கில் பள்ளங்கள் வெட்டுவான். பள்ளம் வெட்டினால் குழலின் கனம் குறையும், விறைப்பு அவ்வளவாகக் குறையாது. சீக்கிரம் சூடு தணியும் என்றும் சொல்வார்கள். உண்மையைச் சொன்னால் பாதிப் பேர் அழகுக்காகத்தான் கேட்கிறார்கள். ஆனால் வெளியே எஃகை எடுத்த இடத்தில் உள்ளே பிடிமானம் தளர்ந்து, துளை ஒரு துளி விரியும். தலைமுடியைவிடக் குறைவுதான், அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவாக விரியாது. அதைச் சரிசெய்வது என் வேலை. ஈயத்தைக் குழலுக்குள்ளேயே உருக்கி வார்த்து ஒரு கட்டியாக்கி, அரைக்கிற பசையைத் தடவி, முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டித் துளையைச் சமன் செய்வேன். அதற்கப்புறம்தான் தோட்டா அறை வெட்டுவது, முனை சீவுவது எல்லாம்.

பள்ளம் முதலில், ஈயம் பிறகு. இந்த வரிசையை மாற்றி, முடிந்துபோன குழலில் போய்ப் பள்ளம் வெட்டினால், சமன் செய்த துளை மறுபடி கலைந்துவிடும். திரும்ப ஈயம் ஓட்டவும் வழியில்லை, ஓட்டினால் தோட்டா அறையின் வாய் தேய்ந்துவிடும். நெல்ஸுக்கு இது வேதம். இந்த வேலைக்கு வந்த புதிதில், துப்பாக்கிப் போட்டிக்காரர் ஒருவர் கெஞ்சினார் என்று முடிந்த குழலில் பள்ளம் வெட்டிக் கொடுத்திருக்கிறான். அந்த மனிதர் அவன் கண்ணெதிரிலேயே சுட்டுப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல், குழலைக் கழற்றி எங்கள் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூட நெல்ஸ் மறந்திருப்பான்.

அதற்குப் பிறகு அவனை அசைக்க ஆள் இல்லை. டெக்சஸிலிருந்து ஒரு பல் டாக்டர், முடிந்த குழலை முன்னறிவிப்பில்லாமல் அனுப்பிவிட்டு, பள்ளம் வெட்டியே தீரவேண்டும் என்று தினமும் கூப்பிட்டார். ஒருநாள் நெல்ஸ் என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கினான்.

"டாக்டர், வாயைத் திறந்து பார்த்துட்டேன். எல்லாப் பல்லும் நல்லா இருக்கு. பிடுங்க வேண்டாம்."

அவர் சிரித்துவிட்டாராம். குழல் வெட்டுப்படாமல் திரும்பிப் போனது.

என் தங்கை வெர்னாவுக்கும் இவனுக்கும் எப்படிப் பொருந்தியது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அவள் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டினாள். ஊருக்கே கேட்கிற குரல். சர்ச்சில் பாட்டுக்கு நடுவே தும்மினால் பாதிரியார் நின்று போவார். கல்யாணத்துக்கு மோதிரத்தோடு நெல்ஸ் அவளுக்கு ஒரு குழலும் செய்து கொடுத்தான். தடிமனான குழல், ஒரு பள்ளம்கூட இல்லை. "ஊருக்கெல்லாம் வெட்டுறவன் பெண்டாட்டிக்கு மொட்டைக் குழல் கொடுத்திருக்கான் பாரு" என்று ராய்ஸ் வருஷக்கணக்காகக் கேலி செய்தார். வெர்னா தன் புஜத்தை மடக்கிக் காட்டுவாள். கனம் அவளுக்கு அப்போது ஒரு பொருட்டே இல்லை.

அந்தக் குழலோடு ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் ஏறுவாள். முகட்டில் விழுந்து கிடக்கிற ஒரு பைன் மரத்தில் துப்பாக்கியைச் சாய்த்து, கீழே புல்வெளிக்கு வருகிற எல்க் மானைச் சுடுவாள். குளிர்காலம் முழுக்க இரண்டு குடும்பமும் அந்த இறைச்சியைத் தின்னும். எங்கள் அப்பா காலத்திலிருந்து வீட்டில் ஒரு சட்டம். சுடுகிறவர்தான் சுமக்க வேண்டும். துப்பாக்கியை இன்னொருத்தர் தோளில் ஏற்றி முகட்டுக்குக் கொண்டுபோய்ச் சுடுவதை அப்பா வேட்டை என்றே சேர்த்துக்கொள்ள மாட்டார். சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் என்றாலும் என் துப்பாக்கி என் தோளில்தான். அதனால்தான் நான் வேட்டையை விட்டேன். வெர்னா விடவில்லை.

ஒரு வசந்த காலத்தில் அவள், "நெல்ஸ், இந்தத் துப்பாக்கி கனத்துப் போச்சு" என்றாள். நாங்கள் சிரித்தோம். ராத்திரியில் அதற்குத் தீனி போடுகிறாயா என்று நான் கேட்டேன். பிறகு லாரியின் கியரைப் பிடித்திருந்த கை நழுவியது. பிறகு காப்பிக் கோப்பை. மிசூலா நகரத்தில் டாக்டர் பார்த்துவிட்டு, தசைகளுக்குச் சேதி கொண்டுபோகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன என்றார். மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், நிறுத்தாது. இவளுக்கு வேகமாக நடக்கிறது என்றும் சொன்னார்.

நெல்ஸ்தான் கேட்டான்.

"இது எந்த வரிசையில போகும் டாக்டர்?"

"புரியலையே."

"முதல்ல கை, அப்புறம் கால், அப்புறம்... எது முதல்ல, எது பின்னாலன்னு."

"அப்படி வரிசை கிடையாதுங்க. ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி."

வெளியே வந்து வண்டியில் ஏறிய பிறகும் அவன் அதையே சொல்லிக்கொண்டிருந்தான், வரிசை இல்லையாமே, வரிசை இல்லையாமே என்று. நோயைவிட அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது என்று எனக்குத் தோன்றியது. வெர்னா கடைசியில், "நெல்ஸ், சாலையைப் பாரு" என்றாள்.

ஆகஸ்ட் மாதம். அவர்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து ஹக்கிள்பெரி என்கிற காட்டுப் பழங்களில் இலை பொறுக்கிக்கொண்டிருந்தோம். வெர்னாவின் இடது கை மடியில் கிடந்தது, வலது கையால் பொறுக்கினாள். விரலெல்லாம் ஊதா நிறம். அவள் சாதாரணமாகத்தான் ஆரம்பித்தாள்.

"நெல்ஸ், என் குழல்ல பள்ளம் வெட்டிக் கொடுத்துடு."

அவன் தலையைத் தூக்கவில்லை. "எந்தக் குழல்?"

"எனக்கு என்ன பத்துக் குழலா இருக்கு? நீ கொடுத்ததுதான். ஒரு பவுண்டு குறைஞ்சாப் போதும், முகட்டு வரைக்கும் சுமந்துடுவேன். மரத்துல சாய்ச்சுக்கிட்டா சுடுறதுக்கு இந்தக் கை வேண்டாம். ஏறுறதுதான் பாடு."

"அது முடிஞ்ச குழல்."

"நானும்தான் முடிஞ்சுக்கிட்டு இருக்கேன்."

நான் பழக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெல்ஸ் கையைத் துடைத்துக்கொண்டு, வாடிக்கையாளருக்குச் சொல்வதுபோல எல்லாவற்றையும் சொன்னான். துளை விரியும், முனைப்பக்கம் அதிகம் விரியும், தோட்டா தளர்ந்து போகும், குறி சிதறும், ஈயம் ஓட்டிச் சரிசெய்யவும் முடியாது. இத்தனை வருஷம் அவனோடு குடித்தனம் நடத்தியவளுக்கு இதெல்லாம் மனப்பாடம்.

"நூறு கஜத்துல எவ்வளவு சிதறும்?" என்றாள்.

"அது சொல்ல முடியாது. அதுதான் பிரச்சினையே."

"எல்க்கோட நெஞ்சு விருந்துத் தட்டு அளவு இருக்கும். அதுக்குள்ள விழாதா?"

"விழலாம், விழாமலும் போகலாம். நீ வயித்துல சுட்டு, அது காட்டுக்குள்ள ஓடி மூணு நாள் கிடந்து சாகணுமா?"

அந்த இடத்தில் அவள் அடங்கினாள். காயப்பட்ட மானைத் தேடி அலைவதைவிடக் கேவலம் எங்கள் வீட்டில் கிடையாது. இருந்தாலும் அவன் அதைச் சொன்னது அநியாயம் என்று எனக்குப் பட்டது, இப்போதும் படுகிறது.

நான் என் பங்குக்கு, "கடையில போய் லேசான துப்பாக்கி ஒண்ணு வாங்கிட்டு வந்தா என்ன?" என்றேன். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கடைத் துப்பாக்கியா?" என்றாள் வெர்னா. "நெல்ஸ் ஹாகன் பெண்டாட்டி தோள்லயா? ஏன் கோரா, செத்த பிறகு பிளாஸ்டிக் பூ வைக்கிறதா உத்தேசமா?"

"இல்லேன்னா நெல்ஸ் சுமக்கட்டுமே. அப்பா இப்போ எழுந்தா வரப்போறாரு?"

"அது வேட்டை இல்ல."

ஒன்று நடந்தால் போதும் என்கிற நேரத்தில் ஒருத்தருக்கு வரிசை, ஒருத்திக்குச் சட்டம். எனக்கு வந்த கோபத்துக்குக் கிண்ணத்தைக் கவிழ்த்திருப்பேன். பழம் பொறுக்க எவ்வளவு நேரமாகும் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

கடைசியில் நெல்ஸ்தான் சமாதானத்துக்கு வந்தான். "புதுசா ஒண்ணு செய்யுறேன். முதல்லேருந்து, முறைப்படி. இதுவரைக்கும் யாருக்கும் வெட்டாத ஆழத்துக்குப் பள்ளம் வெட்டுறேன். தூக்கினா தூக்கின மாதிரியே இருக்காது."

"எப்போ தருவ?"

"வேட்டைப் பருவம் தொடங்குறதுக்குள்ள."

வெர்னா ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, "எனக்கு நேரம் ரொம்ப இல்லப்பா, பார்த்துக்க" என்றாள்.

அவன் சோம்பி நின்றான் என்று யாரும் சொல்ல முடியாது. மறுநாளே ராய்ஸிடம் இருந்த எஃகில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கித் துளை போட்டான். வரி பதித்தார்கள், ஆற்றினார்கள், நெல்ஸ் பள்ளம் வெட்டினான். ஈயம் ஓட்ட என்னிடம் வந்தது. நான் இத்தனை வருஷத்தில் அவ்வளவு கவனமாக எதையும் செய்ததில்லை. முடித்துக் கொடுத்தேன். அவன் துளைக்குள் காற்றைச் செலுத்தி அளக்கிற கருவியை வைத்து, நடுவில் ஒரு இடத்தில் முள் லேசாக அசைவதைக் காட்டினான்.

"இதெல்லாம் ஒரு அசைவா?" என்றேன். "வேற யாருக்காவது இருந்தா இந்நேரம் பொட்டலம் கட்டியிருப்ப."

"வேற யாருக்காவது இருந்தா."

எடுத்துப் போய் வாளில் வைத்து இரண்டாக அறுத்துவிட்டான். அறுக்காமல் வைத்திருந்தால் மனசு மாறிவிடுமாம். நான் அன்று அவனோடு பேசவில்லை.

அடுத்த எஃகு வருவதற்குத் தாமதமானது. வந்தது, துளை போட்டார்கள். உலை நிறைந்தால்தான் ராய்ஸ் கொளுத்துவார். இந்த ஒற்றைக் குழலுக்காகக் கொளுத்தினார், அதற்கு அவருக்குப் புண்ணியம். ஆனால் உலை ஆறுவதற்கு ஆகிற நேரத்தை யாராலும் குறைக்க முடியவில்லை. கதவைக் கொஞ்சம் முன்னாலேயே திறந்தால் என்ன என்று ராய்ஸே கேட்டுப் பார்த்தார். நெல்ஸ் உலைக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான், யாரும் திறந்துவிடக் கூடாதென்று காவல் காப்பதுபோல.

வீட்டில் வெர்னாவுக்கு எதற்கும் காத்திருக்க முடியவில்லை. செப்டம்பரில் பழைய துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் கேட் வரைக்கும் நடந்து பார்த்தாள், திரும்பி வரும்போது வேலிக் கம்பத்தில் சாய்ந்து நின்றாள். இலையெல்லாம் மஞ்சளானபோது கையில் தடி வந்தது. நெல்ஸ் சாயங்காலம் வந்ததும் அவளை ஏதாவது தூக்கச் சொல்வான். காப்பிக் கெண்டி, இரும்பு வாணலி, சமையல் புத்தகம். எதைத் தூக்க முடிகிறது, எதை முடியவில்லை என்று பார்த்துவிட்டுக் காலையில் பட்டறைக்கு வந்து குழலின் வெளிச்சுற்றை இன்னும் கொஞ்சம் கடைவான், பள்ளத்தை இன்னும் கொஞ்சம் ஆழமாக்குவான். அவன் ஒரு பங்கு எஃகைக் குறைத்தால் அவள் கையில் இரண்டு பங்கு பலம் குறைந்திருக்கும். ஒருநாள் வெட்டிக்கொண்டே இருந்தவன் மெஷினை நிறுத்தினான்.

"இதுக்கு மேல எடுத்தா வெடிச்சிடும் கோரா."

அவன் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. பக்கத்தில் போய் நின்றேன். அவன் மேல் இருந்த எஃகுத் துகளைத் தட்டிவிட்டுக் குழலை வாங்கிக்கொண்டேன், ஈயம் ஓட்டுவதற்கு.

பருவம் தொடங்கியது. ஊரில் எல்லா வண்டியிலும் வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுச் சட்டை. வெர்னா ஜன்னலோரம் உட்கார்ந்து முகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் மான் கூட்டம் கீழே இறங்குவது அங்கிருந்து தெரியும். எத்தனை பெண் மான், எத்தனை கொம்பன் என்று எனக்கு ஃபோனில் சொல்வாள். வார்த்தைகள் குழறத் தொடங்கியிருந்தன. நான் அக்கா, எனக்குப் புரியும்.

நவம்பரில் குழல் தயாரானது. அப்படி ஒரு குழலை நான் பார்த்ததில்லை, இனியும் பார்க்க மாட்டேன். அளவுக் கருவியின் முள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் செத்த மாதிரி நின்றது. நூறு கஜத்தில் நெல்ஸ் சுட்ட தோட்டாக்கள் எல்லாம் ஒரே ஓட்டையில் போயின. ராய்ஸ் குறித் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

அன்று மதியமே துப்பாக்கியில் பூட்டி வீட்டுக்கு எடுத்துப் போனோம். வெர்னா சக்கர நாற்காலியில் இருந்தாள். நெல்ஸ் அதை அவள் இரண்டு கைகளிலும் வைத்தான், வைத்துவிட்டுத் தன் கையை எடுக்கவில்லை. எடுத்தால் விழுந்துவிடும் என்று மூன்று பேருக்கும் தெரிந்தது. வலது கை விரல்களும் அதற்குள் மடங்கிப் போயிருந்தன.

"எவ்வளவு லேசா இருக்கு நெல்ஸ்" என்றாள் வெர்னா.

துப்பாக்கியின் கனம் முழுவதும் அவன் கையில் இருந்தது.

உடம்புக்கு முடியாதவர்கள் வண்டியில் இருந்தபடியே சுடுவதற்கு அனுமதி உண்டு, நான் விசாரித்திருந்தேன். சொன்னேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நீ என் சார்பாகப் போய் ஒன்று சுட்டுக்கொண்டு வாயேன் என்று நெல்ஸிடம் சொன்னாள். சரி என்றான், போகவில்லை. நவம்பர் கடைசியில் நன்றி நாள் பண்டிகை வந்தது. சர்ச் பெண்கள் அடுப்பில் சுட்ட நூடுல்ஸும் பூசணிப் பணியாரமும் கொண்டுவந்தார்கள். யாரோ கொஞ்சம் எல்க் இறைச்சி கொடுத்துவிட்டுப் போனார்கள். மசித்துக் கொடுத்தேன், இரண்டு வாய் சாப்பிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பருவம் முடிந்தது.

முடிந்த மறுவாரம் ஒருநாள், நெல்ஸ் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது வெர்னா ஏதோ சொன்னாள். அவனுக்குப் புரியாமல் என்னைப் பார்த்தான்.

"பழைய குழலை வெட்டச் சொல்றா" என்றேன்.

"எதுக்கு, இப்போ?"

அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். யார் சொன்னது சரி என்று தெரிய வேண்டும். இனிமேல் கெட்டால்தான் என்ன. கண்ணில் பழைய குறும்பு இருந்தது. இத்தனை வருஷத்தில் அவனோடு நடந்த எல்லாச் சண்டையிலும் ஜெயித்தவள். இதில் மட்டும் பாதியில் விட்டுவிட்டாள். அதை முடித்துவிட்டுப் போக நினைத்தாள், அவ்வளவுதான் என்று நான் நினைத்தேன்.

நெல்ஸ் எதிர்த்துப் பேசவில்லை. சனிக்கிழமை பட்டறையைத் திறந்தோம். கல்யாணக் குழலை மெஷினில் பூட்டி, கட்டரை இறக்கினான். அந்தப் போட்டிக்காரருக்குப் பிறகு யாருக்கும் செய்யாததை அவன் கை தயங்காமல் செய்தது. முடித்துத் துடைத்து அளவுக் கருவியை உள்ளே விட்டான். முனைப்பக்கம் போகப் போக முள் நகர்ந்தது. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அது ஏறக்குறைய சந்தோஷம்.

"பாத்தியா?" என்றான். "விரிஞ்சுடுச்சு. பாரு, எவ்வளவு விரிஞ்சிருக்கு. நான் சொன்னேன்ல?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்தக் குழல் பாழாகிவிட வேண்டும் என்று அவன் கெஞ்சிக்கொண்டிருந்தான். யாரிடம் கெஞ்சினானோ தெரியாது. பாழாகியிருந்தால் ஆகஸ்டில் அவன் சொன்னது நியாயம். பாழாகவில்லை என்றால், அவள் கால்கள் இன்னும் நடந்துகொண்டிருந்தபோதே, ஒரே ஒரு பகல் வேலையை அவன் மறுத்ததால் அவளுக்கு அந்த மேடு இல்லாமல் போனது. நானும் அவனோடு சேர்ந்து கும்பிட்டேன். கடவுளே, குழல் கெட்டுப் போயிருக்கட்டும்.

மறுநாள் மதியம் துப்பாக்கிப் பயிற்சி மைதானத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. பனி மூடியிருந்தது. வெர்னாவைக் கம்பளியில் சுற்றி வண்டியின் முன் இருக்கையில் சாய்த்திருந்தோம். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஹீட்டரைப் போட்டுவிட்டேன். நெல்ஸ் மேஜையில் மணல் பையை வைத்து, துப்பாக்கியைச் சாய்த்து, நூறு கஜத் தூரத்தில் ஒட்டிய தாளில் அவசரப்படாமல் ஐந்து முறை சுட்டான். பிறகு தாளை எடுத்துவர நடந்தான். போகும்போது விறுவிறுவென்று போனான். தாளின் முன்னால் நின்றான். நின்றுகொண்டே இருந்தான். திரும்பி வருகிற நடை வேறு ஆளுடைய நடை.

வந்து வெர்னாவின் பக்கத்துக் கண்ணாடியில் தாளை வைத்துப் பிடித்தான்.

எங்கள் பட்டறைக் கண்ணுக்கு அது அசிங்கம். ஐந்து ஓட்டையும் ஐந்து திசையில். ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. ஆனால் அந்த ஐந்தையும் வெர்னாவின் ஒரு உள்ளங்கை மூடிவிடும். விருந்துத் தட்டு வேண்டாம், ஒரு காப்பித் தட்டுக்குள் எல்லாமே அடங்கும். அந்த ஐந்தில் எது பட்டாலும் எல்க் நின்ற இடத்திலேயே விழுந்திருக்கும். வேட்டையாடுகிற எந்தக் குழந்தைக்கும் அது தெரியும்.

வெர்னா வெகு நேரம் தாளைப் பார்த்தாள். அவள் ஜெயித்துவிட்டாள். நான் அவள் சிரிப்புக்காகக் காத்திருந்தேன். அவள் கண்கள் தாளை விட்டு மேலே போயின, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தொப்பியில்லாமல் பனியில் நின்ற அவன் முகத்துக்கு. அங்கே எதைப் பார்த்தாளோ, என்னிடம் கண்ணாடியை இறக்கச் சொன்னாள். இறக்கினேன். ஒவ்வொரு வார்த்தையாக, அவனுக்கே புரியும்படி, சிரமப்பட்டுச் சொன்னாள்.

"கெட்டுப் போச்சு நெல்ஸ். நீ சொன்னதுதான் சரி."

அவன் தாளைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். வாழ்நாள் முழுக்க ஓட்டைகளைப் பார்த்து வாழ்ந்தவன்.

"ஆமா" என்றான். "கெட்டுத்தான் போச்சு."

வெர்னா மெதுவாக என் பக்கம் கண்ணைத் திருப்பினாள். "கோரா, நீ சொல்லு."

"ஒண்ணுக்கும் உதவாது" என்றேன். "மானுக்குப் பக்கத்துலகூடப் போயிருக்காது."

நெல்ஸ் தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். கைக்குட்டையை எடுத்து அவள் மோவாயைத் துடைத்துவிட்டு, பின் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினான். நான் வண்டியைக் கிளப்பினேன்.